பேதி மருந்தும் அதிரடியும்

விவேக் நகருக்கு வியாழக்கிழமையை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. குழந்தை இயேசு ஆலயத்துக்குப் பெங்களூரின் எல்லா மூலைகளிலிருந்தும் கூட்டம் வந்துவிடும். மெழுகுவர்த்தி விற்பவர் தமிழில் கூவுவார், ஆட்டோக்காரர் கன்னடத்தில் பதில் சொல்வார், சில்லறை கேட்கும் பெண் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பார். மூன்று மொழிகளும் ஒரே வீட்டுக்குள் புழங்குவது அந்த வட்டாரத்தில் அதிசயமில்லை.

அப்படி ஒரு வீட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து பையன் மார்க்ஸ் கார்டுடன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: கணக்கில் 'டிராஸ்டிக்' முன்னேற்றம். பையன் அதை உரக்கப் படிக்கிறான். மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஆயா நிமிர்கிறாள்.

'அது என்னடா டிராஸ்டிக்கு?'

'ரொம்ப மாறிப்போச்சுன்னு அர்த்தம் ஆயா.'

அப்பா திருத்துகிறார்: 'அதிரடி முன்னேற்றம்மா. பேப்பர்லகூட அப்படித்தான் போடுவான்.'

ஆயாவுக்குத் திருப்தி இல்லை. 'நல்லதா கெட்டதா, அதைச் சொல்லு.'

எந்த அகராதியும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்துக்கு வராது. அந்த ஆங்கில உரிச்சொல்லின் முந்நூறு ஆண்டு வரலாறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளின் செய்தி அறைகளில் நாள்தோறும் ஒரு முறையாவது எட்டிப் பார்க்கும் சொல் அது. டெலிபிரிண்டர் காலத்திலிருந்து இன்றுவரை அதற்குத் தமிழில் கிடைத்த பதில்கள் பெரும்பாலும் ஆயாவின் கேள்வியைத் தட்டிக் கழித்தவையே.

முதலில் அதன் ஜாதகம். 'டிராஸ்டிக்' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'செய்' என்று பொருள்படும் வினையடியில் பிறந்து, 'செயல் வீரியமுள்ள' என்ற பொருளில் வழங்கியது. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்தபோது அது மருத்துவர்களின் சொல். அதுவும் எல்லா மருந்துக்கும் பொதுவானதல்ல. வயிற்றைக் கலக்கி அடித்துக்கொண்டு போகும் கடுமையான பேதி மருந்துக்கு மட்டும் அந்த அடைமொழி. விளக்கெண்ணெய் போன்ற சாதுவான மருந்துகளிலிருந்து இவற்றைப் பிரித்துக்காட்ட மருந்து நூல்களில் இப்படித் தனியாகக் குறித்தார்கள். அரசாங்கமும் பொருளாதாரமும் அந்தச் சொல்லைக் கடன் வாங்கியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

அந்த வரிசையில் முதலிடம் பிடித்த பொருள் ஒன்று நம் நாட்டுக் கடைச் சரக்கு. தமிழில் நேர்வாளம், இந்தியில் ஜமால்கோட்டா. அதன் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயை ஐரோப்பிய மருத்துவர்கள் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள். ஒரு சொட்டு கூடினால் ஆபத்து. பின்னாளில் அந்த ஆபத்துக்காகவே அது வழக்கொழிந்தது. சித்த மருத்துவர்கள் நேர்வாளத்தைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. இன்னொன்று மெக்சிகோவிலிருந்து போன ஜலாப் என்ற கிழங்கு. அதற்கு இணையாக இங்கே இருப்பது சிவதை. வெள்ளைக்கார மருத்துவர்கள் அதற்கு 'இந்திய ஜலாப்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆக, ஆயாவுக்கு அந்தச் சொல் அந்நியமே அல்ல. வீட்டுப் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய தலைமுறை அவளுடையது. அவளுக்குத் தெரிந்த மருத்துவ ஒழுங்கு ஒன்று உண்டு. பேதிக்குக் கொடுக்குமுன் உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தள்ளாத கிழவருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு, அப்புறம்தான் வழக்கமான சாப்பாடு. நாட்டு மருத்துவ நூல்களும் இதையேதான் சொல்கின்றன: தேவை இருக்கிறதா, தாங்குவானா, தேற்றுவது எப்படி? மூன்றுக்கும் பதில் இல்லாமல் மருந்தைக் கையில் எடுப்பவனை வைத்தியன் என்று யாரும் சொல்வதில்லை.

மேற்கிலும் இந்த மூன்றையும் மறந்த காலம் ஒன்று இருந்தது. 1793ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவி சுமார் 5,000 பேர் இறந்தார்கள். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான டாக்டர் பெஞ்சமின் ரஷ் அங்கேயே தங்கி நோயாளிகளைப் பார்த்தார். தைரியசாலி, நல்ல மனிதர். ஆனால் அவருடைய சிகிச்சை பாதரச உப்பும் ஜலாப்பும் கலந்த பேதி மருந்து, கூடவே ரத்தத்தை வடித்தல். காய்ச்சலில் துவண்டவர்களை மருந்து மேலும் துவளச் செய்தது. அவருடைய மாத்திரைகளுக்கு மக்கள் வைத்த பெயர் 'இடி'. 1804ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ்-கிளார்க் குழுவின் மருந்துப் பெட்டியில்கூட இந்த இடி மாத்திரைகள் 50 டஜன் இருந்தன.

ரஷ்ஷை எதிர்த்து எழுதியவர் ஒரு பத்திரிகையாளர், வில்லியம் காபெட். மருத்துவர் அவதூறு வழக்குப் போட்டார். பத்திரிகையாளருக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாளில்தான், தொண்டை நோய்க்காக மருத்துவர்கள் திரும்பத் திரும்ப ரத்தம் வடித்த பிறகு, ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். அந்தக் காலத்து மருத்துவத்தைப் பின்னால் வந்தவர்கள் குறிப்பிடும் பெயர் கவனிக்கத்தக்கது: வீர மருத்துவம். வீரம் மருத்துவருக்கு, வேதனை நோயாளிக்கு என்று அதற்கு யாரும் விளக்கவுரை எழுதத் தேவை இருக்கவில்லை.

இனி தமிழுக்கு வரலாம். 'டிராஸ்டிக்' என்ற சொல் மேஜைக்கு வந்ததும் உதவி ஆசிரியரின் கை முதலில் எழுதுவது 'தீவிர' என்பது. தீவிர நடவடிக்கை, தீவிர மாற்றம். பாவம், இந்தச் சொல்லின் முதுகில் ஏற்கெனவே ஏகப்பட்ட மூட்டைகள். ஆஸ்பத்திரியில் அது தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே அதன் பொருள் இடைவிடாத கவனிப்பு. போலீஸ் நிலையத்தில் தீவிர விசாரணை. பெரும்பாலும் அதன் பொருள், இன்னும் ஒன்றும் துப்புக் கிடைக்கவில்லை என்பது. சினிமா கொட்டகையில் தீவிர ரசிகர். 1907ல் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது திலகரின் பக்கம் நின்ற வ.உ.சிதம்பரம் பிள்ளையும் பாரதியும் தீவிரவாதிகள். அப்போது அது பெருமையான பட்டம். எண்பதுகளில் பஞ்சாபிலிருந்தும் பின்னர் காஷ்மீரிலிருந்தும் செய்தி வரத் தொடங்கியபோது அதே சொல் துப்பாக்கி ஏந்தியவர்களைக் குறித்தது. வ.உ.சி.யைத் தீவிரவாதி என்று இன்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கும் குழந்தைக்கு ஓர் அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. இத்தனை வேலை பார்க்கும் சொல்லிடம் இன்னும் ஒரு வேலையைக் கொடுத்தால் அது அரைகுறையாகத்தான் செய்யும்.

அடுத்தது 'கடும்'. உண்மையில் இதுதான் பொருளுக்கு மிக அருகில் நிற்பது. கடும் நடவடிக்கை, கடும் குறைப்பு. கார மருந்தைக் 'கடுமையான மருந்து' என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் பழைய மருத்துவ வாசனையும் போகவில்லை. பெங்களூர்த் தமிழருக்கு மட்டும் இதில் ஒரு சிறு வழுக்கல் உண்டு. கன்னடப் பத்திரிகையில் 'கடிண க்ரம' என்றால் கடும் நடவடிக்கை. அதைக் கண்டு 'கடினமான நடவடிக்கை' என்று தமிழில் எழுதினால் பொருள் கவிழ்ந்துவிடும். கன்னடத்துக் கடிணம் எதிராளிக்கு வலிப்பது. தமிழ்க் கடினமோ செய்பவருக்குச் சிரமமானது. அண்டை வீட்டுச் சொல்லை அப்படியே இரவல் வாங்கும்போது யாருக்கு வலி என்பது இடம் மாறிவிடுகிறது.

மூன்றாவதாக வருவது 'அதிரடி'. கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ்ச் செய்தித் தலைப்புகளை ஆண்ட சொல் இதுவே. அதிர்வும் அடியும் சேர்ந்தது. கிரிக்கெட்டில் பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே அனுப்புபவர் அதிரடி ஆட்டக்காரர். ஜவுளிக் கடையில் ஆடி மாதத்தில் அதிரடித் தள்ளுபடி. மந்திரி பேசினால் அதிரடி அறிவிப்பு, அதிகாரி மாற்றப்பட்டால் அதிரடி மாற்றம். பத்து ரூபாய் தள்ளுபடியையும் பத்தாயிரம் வீடுகள் இடிபடுவதையும் ஒரே சொல்லால் அறிவிக்க முடிகிற வசதி வேறு மொழிக்கு வாய்த்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் 'அதிரடி'யில் ஒரு கோளாறு இருக்கிறது. அதில் கைதட்டல் ஒலி கேட்கிறது. கதாநாயகன் கதவை உதைத்துக்கொண்டு நுழையும் காட்சி அது. ஆங்கிலச் சொல்லிலோ கைதட்டல் இல்லை. முகச் சுளிப்பு இருக்கிறது. 'டிராஸ்டிக்' நடவடிக்கை என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், வேறு வழி இருந்ததா என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கும். 'டிராஸ்டிக்காக எதையும் செய்துவிடாதே' என்று நண்பரிடம் ஆங்கிலத்தில் சொன்னால் அது எச்சரிக்கை. அங்கே 'அதிரடியாக எதையும் செய்துவிடாதே' என்று தமிழில் எழுதினால் சிரிப்பு வரும். 'அவசரப்பட்டு ஏடாகூடமாக எதுவும் செய்துவிடாதே' என்பதுதான் தமிழ். மனமுடைந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்தியில் ஆங்கில நிருபர் அதே உரிச்சொல்லைப் போட்டு 'அந்த முடிவு' என்று எழுதினால், தமிழ் நிருபர் தயங்காமல் 'விபரீத முடிவு' என்று எழுதுகிறார். அந்த இடத்தில் 'அதிரடி முடிவு' என்று யாருக்கும் கை ஓடாது. சொல்லின் இருண்ட பக்கம் தமிழுக்குத் தெரியாமல் இல்லை. அரசாங்கம் செய்யும்போதுதான் அது மறந்துபோகிறது.

இதில் வேடிக்கையான உறவுமுறை ஒன்று உண்டு. 'டிராஸ்டிக்' பிறந்த அதே கிரேக்க வினையடியில்தான் 'டிராமா'வும் பிறந்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வைத்தியசாலைக்குப் போயிற்று, மற்றொன்று மேடைக்குப் போயிற்று. மேடைக்குப் போனதிலிருந்து வந்த உரிச்சொல் 'டிராமாடிக்'. பார்ப்பவர் வாய் பிளக்கும்படியான மாற்றம் அது. வலி அதில் கட்டாயமில்லை. நல்ல ஆங்கிலத்தில் மதிப்பெண் கூடினால் 'டிராமாடிக்' முன்னேற்றம். மதிப்பெண் குப்புற விழுந்தால் அது 'டிராஸ்டிக்' சரிவு. மார்க்ஸ் கார்டில் ஆசிரியை இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார். இந்திய ஆங்கிலத்தில் அது இப்போது சகஜம்; பெரிய குற்றமில்லை.

தமிழ்ப் பத்திரிகை செய்ததும் அதே மாற்றிப் போடல்தான். விளைவு மட்டும் பெரியது. 'அதிரடி' என்பது மேடைக்குப் போன பிள்ளையின் மொழிபெயர்ப்பு. வைத்தியசாலைக்குப் போன பிள்ளைக்கும் அந்தச் சட்டையையே மாட்டிவிட்டோம். அதனால் மருந்து குடித்தவர் தலைப்பிலிருந்து காணாமல் போனார். கொடுத்தவர் மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறார்.

விவேக் நகரிலிருந்து வெகுதூரம் போகாமலே இதைப் பார்க்கலாம். அடுத்த பகுதி ஈஜிபுரா. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி அங்கே அடுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தது. கட்டிய சில ஆண்டுகளிலேயே சில தொகுதிகள் இடிந்து விழுந்தன. குடும்பங்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளுக்கு மாறின. தமிழ் பேசும் கூலித் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் அவர்களில் ஏராளம். ஒரு பக்கம் வணிக வளாகம், மறு பக்கம் ஏழைகளுக்கு வீடுகள் என்று தனியாருடன் கூட்டுத் திட்டம் வந்தது. 2013 ஜனவரியில் போலீஸ் காவலுடன் புல்டோசர்கள் வந்து கொட்டகைகளைத் தரைமட்டமாக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. போக்கிடமில்லாத பலர் ஜனவரிக் குளிரில் பக்கத்து நடைபாதையிலேயே சட்டி பானைகளுடன் தங்கினார்கள்.

அதே வட்டாரம் வேறு விதத்திலும் மாறியிருக்கிறது. 1997ல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கோரமங்கலாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. 1991ல் சுமார் 41 லட்சமாக இருந்த பெங்களூர் மாநகரப் பகுதியின் ஜனத்தொகை 2011ல் சுமார் 85 லட்சமானது. இருபது ஆண்டுகளில் இருமடங்கு. கோரமங்கலாவில் நிலத்தின் விலை எங்கே இருந்து எங்கே போனது என்று யாரைக் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார்கள். அளவில் பார்த்தால் இந்த மாற்றம் ஈஜிபுரா மாற்றத்தைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் இது 'டிராமாடிக்'. கொட்டகைகள் போனதுதான் 'டிராஸ்டிக்'. மாற்றத்தின் அளவு அல்ல வித்தியாசம். ஒரு கை செய்தது, ஓர் உடம்பு தாங்கியது என்பதுதான் அந்தச் சொல்லின் இலக்கணம். வேரில் இருக்கும் 'செய்' என்ற வினை சும்மா இல்லை. மழை பெய்யாமல் ஏரி வற்றினால் அதற்கு இந்தச் சொல்லை இழுத்து வர வேண்டாம். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை ஒருவர் அடைத்தால் தாராளமாகக் கூப்பிடலாம்.

'அதிரடி'க்குச் சீருடை மாட்டிய கதையும் கர்நாடக எல்லையை ஒட்டியதுதான். வீரப்பனைப் பிடிக்க 1993ல் தமிழகமும் கர்நாடகமும் இறக்கிய கூட்டுப் படைக்குத் தமிழில் வைத்த பெயர் சிறப்பு அதிரடிப்படை. 2004 அக்டோபர் 18ந் தேதி வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டார். அது தலைப்புச் செய்தி. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் மலை கிராமங்களிலிருந்து சித்திரவதைப் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. தேசிய மனித உரிமை கமிஷன் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 2007ல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் நிவாரணம் தரும்படி பரிந்துரைத்தது. படையின் பெயரில் இருந்த அதிர்வு ஊர் முழுக்கக் கேட்டது. அடி யார் முதுகில் விழுந்தது என்பது தெரியப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

பொருளாதாரப் பக்கத்தில் நிலைமை சற்று மேல். 1991 ஜூலை 1ந் தேதியும் 3ந் தேதியும் இரண்டு தவணைகளில் ரூபாயின் மதிப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டபோது, அரசியல்வாதிகளின் வாயில் அடிக்கடி வந்தது 'கசப்பு மருந்து'. கிழக்கு ஐரோப்பாவில் விலைக் கட்டுப்பாடுகளை ஒரே நாளில் நீக்கியதற்கு 'அதிர்ச்சி வைத்தியம்' என்று பெயர். ரஷ்யாவில் 1992 ஜனவரியில் அந்த வைத்தியம் தொடங்கியது. அந்த ஓராண்டில் விலைவாசி ஏறிய அளவு சுமார் 2,500 சதவிகிதம். ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பு கரைந்தது. கசப்பு மருந்து, அதிர்ச்சி வைத்தியம் என்ற இரண்டிலும் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பாவது மிஞ்சுகிறது. 'டிராஸ்டிக்' விட்டுவந்த பழைய வீட்டுக்கு அதைத் திருப்பி அழைத்துச் சென்ற நல்ல தமிழ் இது.

2016 நவம்பர் 8ந் தேதி இரவு 8 மணிக்கு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவிகிதம் ஒரே இரவில் காகிதமானது. மறுநாள் தமிழ்த் தலைப்புகளில் 'அதிரடி' துள்ளி விளையாடியது. வங்கி வாசலில் வரிசை நீண்டபோதுதான் வேறு சொற்கள் தேடப்பட்டன. அந்த நடவடிக்கைக்குப் பெயர் வைப்பதிலேயே குழப்பம். பணமதிப்பிழப்பு என்றார்கள், 1991ல் நடந்ததும் மதிப்பு இழப்புதானே என்று பொருளாதார மாணவர் கேட்டால் பதில் இல்லை. கடைசியில் 'செல்லாக் காசு' என்ற ஆயா காலத்துச் சொல்தான் சரியாகப் பொருந்தியது.

இங்கே இன்னொரு ஆங்கிலச் சொல்லையும் கூண்டில் நிறுத்த வேண்டும். 'ராடிகல்'. பெரும்பாலான மேஜைகளில் இதுவும் 'டிராஸ்டிக்'கும் ஒரே சொல்லாக நடத்தப்படுகின்றன. ஆனால் அதன் ஜாதகம் வேறு. லத்தீனில் வேர் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது அது. முள்ளங்கிக்கு ஆங்கிலப் பெயரும் அதே வேரில் முளைத்தது. கணக்கில் வர்க்கமூலக் குறிக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். மூலம் என்றாலும் வேர்தானே? இந்தச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. அடியோடு, வேரோடு, அடிப்படையான, நிர்மூலம் என்று வடமொழியும் தமிழுமாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. ஒன்று செய்யும் விதத்தின் கடுமையைச் சொல்கிறது, மற்றொன்று போய்த் தொடும் ஆழத்தை.

1967ல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும். ஏற்கெனவே அப்படி நடந்த திருமணங்களும் செல்லும். நூற்றாண்டுகளின் வழக்கத்தில் கை வைத்த சட்டம் அது, வேரைத் தொட்டது. ஆனால் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை, யாரையும் வற்புறுத்தவில்லை. பழைய முறை வேண்டியவர் பழைய முறையில் செய்துகொண்டார். 'ராடிகல்' ஆனால் 'டிராஸ்டிக்' அல்ல. இதற்கு மறுபக்கம் 2016. வரிசையில் நின்று கால் கடுத்தது கோடிக்கணக்கானோருக்கு. ஆனால் செல்லாததாக்கப்பட்ட நோட்டுகளில் 99.3 சதவிகிதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதாக 2018ல் ரிசர்வ் வங்கி தன் அறிக்கையில் சொன்னது. கறுப்புப் பணத்தின் வேர் அந்த மண்ணில் இல்லையோ என்ற சந்தேகத்தை அந்தக் கணக்கு எழுப்பியது. 'டிராஸ்டிக்', ஆனால் 'ராடிகல்' ஆனதா என்பது கேள்வி. இரண்டு சொற்களையும் 'தீவிர' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டால் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தொலைந்தால் அதோடு ஒரு வாதமும் தொலைந்துபோகிறது.

தமிழால் முடியாது என்பதல்ல. மனது வைத்தால் ஆங்கிலத்தைவிட நன்றாகவே சொல்லும். தடா சட்டம் 1985ல் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் பண்டைய ஏதென்ஸின் டிராகோ என்ற சட்டக்காரரின் பெயரில் ஓர் உரிச்சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தன. டிராகோ யார் என்று எத்தனை வாசகருக்குத் தெரியும்? தமிழில் 'ஆள்தூக்கிச் சட்டம்' என்றார்கள். யார் தூக்குகிறார், யார் தூக்கப்படுகிறார் என்பது படித்தவுடன் கண்ணில் தெரிகிறது. 1995ல் தடா காலாவதியான பிறகும், 2002ல் வந்த பொடாவுக்கு அந்தப் பெயர் உடனே பொருந்தியது. பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பிறந்த சொல் என்பதால்தான் அதற்கு அத்தனை ஆயுள்.

ஆகவே மேஜையில் 'டிராஸ்டிக்' வந்து விழுந்தால் ஒரே பதிலைத் தேட வேண்டியதில்லை. இடத்தைப் பார்த்துச் சொல் எடுக்கலாம். விலையோ நீர்மட்டமோ உற்பத்தியோ கீழே போனால் 'ஒரேயடியாகச் சரிந்தது'. வாழ்க்கை முறை மாறினால் 'தலைகீழாக மாறியது'. மானியமும் வேலையும் வெட்டப்பட்டால் 'கடுமையாகக் குறைக்கப்பட்டது'. மனிதர் தன்னைத் தானே அழித்துக்கொள்ளப் போனால் 'விபரீதம்'. வேரைத் தொட்டால் மட்டும் 'அடியோடு'. நல்ல பக்கம் திரும்பிய மாற்றமென்றால் 'வியக்கத்தக்க', அல்லது அடக்கமாக 'நல்ல'. அதிரடியைக் கிரிக்கெட் மைதானத்துக்கும் ஜவுளிக் கடைக்கும் விட்டுவிடலாம். அங்கே அதற்கு வேலை குறையப் போவதில்லை.

சொல்லைவிட முக்கியமானது வாக்கியம். 'மாநகராட்சி அதிரடி: ஆக்கிரமிப்புகள் அகற்றம்' என்று தலைப்பு வைத்தால் அதில் மனிதரே இல்லை. 'கொட்டகைகள் இடிப்பு: ஆயிரம் குடும்பங்கள் வீதியில்' என்றால் உரிச்சொல்லே தேவைப்படவில்லை. எவ்வளவு, யாருக்கு, எத்தனை மணி நேர அவகாசத்தில் என்று எழுதிவிட்டால், கடுமையா இல்லையா என்பதை வாசகரே சொல்லிவிடுவார். 2020 மார்ச் 24ந் தேதி இரவு 8 மணிக்கு நாடு முழுவதும் 21 நாள் முடக்கம் அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு வர நான்கு மணி நேரம். 'நான்கு மணி நேரம்' என்ற எண் விவரத்தைவிட வலுவான உரிச்சொல்லை எந்த அகராதியில் தேடுவது? நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் சுமந்து ஊருக்கு நடந்த தொழிலாளி அந்த நான்கு மணி நேரத்தைத் தன் கால்களால் மொழிபெயர்த்துக் காட்டினார்.

கடுமையான மருந்தே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விஷம் உள்ளே போயிருந்தால் வயிற்றைக் கழுவித்தான் ஆக வேண்டும். 1991ல் அன்னியச் செலாவணி இல்லாமல் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்டுக்கு ஏதோ ஒரு மருந்து தேவைப்பட்டது என்பதை அந்த மருந்தைத் திட்டியவர்களும் மறுப்பதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் வீதிகளை மூட வேண்டியிருந்ததும் உண்மை. கேள்வி எப்போதும் அந்தப் பழைய மூன்றுதான்: தேவையா, தாங்குமா, கஞ்சி தயாராக இருக்கிறதா? மருந்து கொடுப்பவர் இவற்றைக் கேட்க மறந்தால் கேட்க வேண்டிய அடுத்த ஆள் செய்தி எழுதுபவர். அவரும் 'அதிரடி' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

விவேக் நகர் வீட்டில் கீரை ஆய்ந்து முடிந்திருக்கும். பையன் இதற்குள் ஆங்கில அகராதியைப் புரட்டிப் பார்த்திருப்பான். 'ஆயா, முதல்ல இது பேதி மருந்துக்குத்தான் பேராம்' என்று சொன்னால் அவள் ஒரு நிமிஷம் யோசிப்பாள். பிறகு மார்க்ஸ் கார்டைக் கையில் வாங்கி, தெரியாத எழுத்தைத் தடவிப் பார்த்து, கேட்பாள்:

'அப்ப பையனுக்கு என்னத்தக் குடுத்தாங்கன்னு அந்த மிஸ்ஸ கேட்டுட்டு வா. தாங்குவானா பாக்கணும்.'